முதலில் கல்லை அளந்திருக்க வேண்டும்

எஸ்டிமேட் ஒப்புதலாகி, வரைபடத்தில் கையெழுத்தாகி, வேலை ஆணையும் கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கற்களின் எடை எங்களுக்குத் தெரிந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஓர் அரசு அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும் திட்டம் அது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். பிழை திட்டம் போட்ட எங்கள் குழுவுடையது. முன் முற்றத்தில் நட்டிருந்த பதினொரு நடுகற்களை மாடிக்கு ஏற்றி, நீளமான ஒரே கூடத்தில் வரிசையாக நிறுத்துவதாக வரைந்திருந்தோம். படத்தில் அழகாகத்தான் இருந்தது. கல் ஒவ்வொன்றும் தரைக்கு மேலே சுமார் 4 அடி உயரம், 3 அடி அகலம், 8 அங்குலக் கனம். அப்படியென்றால் 8 கன அடி. கருங்கல் கன அடிக்கு ஏறக்குறைய 76 கிலோ வரும். 8-ஐ 76-ஆல் பெருக்கினால் 608 கிலோ. ஆறு மாதம் நடந்த கூட்டங்களில் இந்த ஒரு பெருக்கலை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

கல்லைப் பெயர்க்க வந்த மேஸ்திரி குவாரியில் வேலை பார்த்தவர். ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, "சார், வெளிய தெரியறத நம்பாதீங்க. உள்ள இன்னும் ரெண்டு அடி போகும். டன்னுக்குக் கொஞ்சம் கம்மி" என்றார். சிமெண்டை உடைத்து எடுத்தபோது சரியாக 6 அடி. 12 கன அடி, 912 கிலோ. சாதாரண வீட்டு மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படி கணக்கிடுவார்கள். அலுவலகத் தளம் என்றால் 250 முதல் 400 வரை. அதில் 3 அடி அகல அடிப்பாகத்தில் ஒரு டன்னைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்திருக்கிறோம். பொறியாளர் மறுத்தார், அவர் மறுத்தது சரிதான். வரைபடம் முழுக்க மாறியது. அங்கே போனது ஏழு மாதம். வடிவமைப்புக்கு இரண்டாம் முறை கொடுத்த கட்டணமும், பயன்படாமல் போன ஷோகேஸ்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்குப் பக்கம். பணம் போனதைவிட, முன்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி, "கல்லு கனமா இருக்கும்னு தெரியாதா?" என்று கேட்டபோது பதில் இல்லாமல் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வட்டாரத்தில் யார் அருங்காட்சியகத்தில் கை வைத்தாலும் முதலில் கல்லில்தான் முட்டிக்கொள்வார்கள். பழைய தகடூர் நாடு இது. செங்கம் தொடங்கி ஊத்தங்கரை, அரூர், ஓசூர் வரை வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் (தமிழின் பழைய எழுத்து வடிவம்) உண்டு, கங்கர், நுளம்பர் காலத்தவையும் உண்டு. தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டவன், புலி குத்திப் பட்டவன் என்று ஆளுக்கொரு கதை. செப்புத் திருமேனிகள் நிறைந்த சோழ நாட்டு அருங்காட்சியகத்துக்குப் போட்ட வரைபடத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது. அங்கே கண்ணாடிப் பெட்டி முக்கியம். இங்கே தரை முக்கியம். ஆகவே வரைபடக்காரரைக் கூப்பிடும் முன் ஒரு நாள் டேப்புடன் உட்கார்ந்து எல்லாக் கல்லையும் உயரம், அகலம், கனம் அளந்து, கன அடியாக்கி, 76-ஆல் பெருக்கி எழுதுங்கள். நட்டிருக்கும் கல்லுக்குத் தெரியும் உயரத்தில் பாதியை மண்ணுக்குள் இருப்பதாகக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு வாசல்களை அளங்கள். 3 அடிக் கல்லைப் பலகையில் கட்டினால் மூன்றரை அடி ஆகிவிடும், 3 அடிக் கதவு வழியே போகாது. எங்களுக்கு ஒரு நிலைக்கதவைக் கழற்ற வேண்டி வந்தது.

அளவுக்கு அடுத்தது பதிவேடு. பழைய பதிவேடுகளில் "கல் சிலை 1, உடைந்தது" என்று ஒற்றை வரி இருக்கும். எந்த உடைந்த கல் என்று எழுதியவருக்குத்தான் தெரியும், அவரோ ஓய்வு பெற்றுப் போயிருப்பார். ஒரு பொருளையும் நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். பதிவேட்டு எண், பொருள் கிடைத்த ஊர், இப்போது இருக்கும் இடம், போகப்போகும் இடம் ஆகிய நான்கும் ஒரே வரியில் வர வேண்டும். பொருள் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் இரண்டு பேர் கையெழுத்து. புதையலாகக் கிடைத்துச் சேர்ந்த காசுகளும் சிலைகளும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் வழியாக வந்தவை. அந்தக் கடிதக் கோப்பைத் தேடி எடுத்து எண்ணோடு சேர்த்து வையுங்கள். எந்த ஊரில், எந்த நிலத்தில், எப்படிக் கிடைத்தது என்பது பெரும்பாலும் அந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருக்கும். பிறகு விளக்கப் பலகை எழுதும்போது அதுதான் கைகொடுக்கும். கல்லில் எனாமல் பெயிண்டால் எண் எழுதும் பழக்கத்தை விடுங்கள். அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பின்புறம் ஒரு விரல் அகலத்துக்குப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் அசிட்டோன் தொட்டு அழித்துவிடலாம். சுமார் அறுநூறு பொருளுக்கு இந்த வேலை எங்களுக்கு 11 வாரம் எடுத்தது. திட்டத்தில் ஒதுக்கியிருந்தது 2 வாரம்.

எழுத்துள்ள கல் என்றால் பெயர்ப்பதற்கு முன் மைப்படி, அதாவது எழுத்தின் நகலை மையால் தாளில், எடுத்தே ஆக வேண்டும். கல்லைத் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் கொண்டு கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, தாள் முக்கால் பங்கு காய்ந்திருக்கும்போது மைப்பொதியால் ஒற்ற வேண்டும். தெரிந்தவர் செய்தால் ஒரு கல்லுக்கு அரை நாள். மழைக்காலத்தில் தாள் காயாது, காற்றுக் காலத்தில் தாள் நிற்காது. அதனால் தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது. கழுவும்போது ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு அடித்த கல்லைப் பார்த்ததும் கக்கூஸ் ஆசிட்டை எடுத்து வருபவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். ஆசிட் சுண்ணாம்போடு கல்லின் மேல்தோலையும் சேர்த்துத் தின்னும், தேய்ந்துபோன வட்டெழுத்துக்கு அந்த மேல்தோல்தான் உயிர். எழுத்துப் படிக்க வசதி என்று வெள்ளைப் பெயிண்ட் தடவி வைப்பதும் அதே ரகம். தப்பாக வாசித்தவர் தப்பாகப் பெயிண்ட் அடித்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அந்தத் தப்பு மட்டும்தான் தெரியும்.

இனிப் பெயர்ப்பது. ஜேசிபி வேண்டாம். 2 டன் செயின் பிளாக், இரும்புக் குழாயில் மூன்றுகால் ஸ்டாண்டு, 3 அங்குல அகல நைலான் பெல்ட் இரண்டு, பழைய சாக்கு, ரப்பர் ஷீட், உருட்ட 2 அங்குல ஜிஐ குழாய் ஆறு, தரையில் விரிக்க 18 மில்லிமீட்டர் பிளைவுட் நான்கு. இவ்வளவும் நான்கு ஆட்களும் போதும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கிரானைட் குவாரிகளும் பாலிஷ் பட்டறைகளும் ஏராளம் என்பதால் கல் நகர்த்தத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வெளியூர் ஏஜென்சியைத் தேட வேண்டாம். ஆனால் குவாரிப் பழக்கம் வேறு, இது வேறு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். கம்பிக் கயிறு போடக் கூடாது, விளிம்பில் கடப்பாறை வைத்து நெம்பக் கூடாது, பிடிப்புக்காகத் துளை போடவே கூடாது. அடியில் உள்ள சிமெண்டை பிரேக்கர் வைத்து உடைத்தால் அதிர்ச்சி கல்லுக்குள் போய், ஏற்கெனவே இருக்கும் முடி விரிசல் வாய் திறக்கும். கல்லிலிருந்து அரை அடி தள்ளிக் கட்டர் ஓட்டி, சிமெண்டோடு ஒரு கட்டியாகத் தூக்கிப் படுக்க வைத்து, பிறகு கையுளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுக்க வேண்டும். கல்லோடு ஒட்டிய கடைசி சிமெண்டுத் தோலை அப்படியே விட்டுவிடலாம், அதைச் சுரண்டுவதில்தான் சேதம் வரும். ஒரு நாளைக்கு ஒரு கல் என்று கணக்கு வையுங்கள். நாங்கள் மூன்று என்று எழுதியிருந்தோம்.

திரும்ப நிறுத்தும்போது மறுபடி சிமெண்டில் நட்டுவிடாதீர்கள். பலமாக இருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பலம்தான் அங்கே தொல்லை. சிமெண்டில் உள்ள உப்பு, தரை ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, தரைக்குச் சற்று மேலே காற்றுப் படும் இடத்தில் வெள்ளையாகப் பூக்கும். நாளடைவில் அந்தப் பட்டை முழுதும் பொரிந்து உதிரும். வீரனின் காலடியும், சில கற்களில் கடைசி வரி எழுத்தும் அங்கேதான் இருக்கும். நாங்கள் கடைசியில் செய்தது இது: 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தொட்டி போன்ற அடித்தாங்கி, கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட், செதுக்காத அடிப்பாகம் மட்டும் சலித்த ஆற்று மணலில் இறங்கி நிற்கும், பின்னால் இரண்டு கை கல்லின் தோளைத் தாங்கும். ஆறு போல்ட்டைக் கழற்றினால் கல் தனியாக வந்துவிடும். முற்றத்திலிருந்து வந்த கல்லில் உப்பு ஏற்கெனவே பூத்திருந்தால், காகிதக் கூழைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் குழைத்து அப்பி, காயவிட்டு உரிக்க வேண்டும். மூன்று நான்கு முறை செய்தால் உப்பு கூழோடு வந்துவிடும்.

விளக்கு விஷயத்தில் நாங்கள் செய்த தவறு இன்னும் பல இடங்களில் நடக்கிறது. எதிரே இருந்து பளீரென்று ஃப்ளட் லைட் அடித்தால் புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும், எழுத்து மறைந்தே போகும். நடுகல்லுக்கு ஒரு பக்கத்திலிருந்து, கல்லின் முகத்தோடு 15 முதல் 20 டிகிரிச் சாய்வில், ஒளி உரசிக்கொண்டு போக வேண்டும். 7 அல்லது 9 வாட் எல்இடி ஸ்பாட், குறுகிய கற்றை, மேல் இடது மூலையில் ஒன்றே ஒன்று. வலப்புறமும் இன்னொன்று போட்டால் நிழல் அழிந்துவிடும். மின் ஒப்பந்தக்காரர் "ஜோடியா போட்டாத்தான் சார் பாக்க நல்லாருக்கும்" என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். வரைபடம் போடும் முன் இரவில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கல்லைச் சுற்றி வாருங்கள். வில்லும் குறுவாளும் எந்தக் கோணத்தில் எழும்பி வருகின்றன என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கோணத்தைத்தான் வரைபடத்தில் எழுத வேண்டும்.

கல்லுக்கு ஒளி எவ்வளவு என்பதில் கட்டுப்பாடு இல்லை, ஏசியும் வேண்டாம். இதைப் புரிந்துகொண்ட அன்றே எங்கள் வரைபடம் தானாகச் சரியாகிவிட்டது. கற்கள் எல்லாம் தரைத்தளத் தாழ்வாரத்துக்கு, மேலே கூரை, பக்கம் திறப்பு. ஓலைச்சுவடி, துணி, காகிதம் ஆகியவை தரைத்தளத்தின் உள்ளறைக்கு. இவற்றுக்கு 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி கூடாது. நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் அதுவே 1,20,000 லக்ஸ் மணி ஆகிவிடும். ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் போட்டால் நிறையக் குறையும். மாடியில் கனமில்லாத, வெயிலுக்கு அஞ்சாத பொருள்கள்: பானைகள், புதிய கற்காலக் கோடரிகள், கனிமங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கான அறை. முதலில் கற்காலம், பிறகு இரும்புக் காலம், பிறகு நடுகல் என்று காலவரிசையில் நடத்திச் செல்லும் ஆசை இதனால் கொஞ்சம் குலைந்தது. குலையட்டும். பார்வையாளர் வாசலில் முதலில் காண்பது ஒரு புலிகுத்திக் கல் என்றால், இந்த மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. காலை 10 மணிக்குப் போட்டு மாலை 5 மணிக்கு அணைக்கும் ஏசியைவிட ஏசி இல்லாமல் இருப்பதே ஓலைக்கு நல்லது. பகலில் உலர்ந்து சுருங்கி, இரவில் ஈரம் குடித்து விரிந்து, ஆண்டுக்கு 300 முறை இந்தப் பயிற்சி நடந்தால் ஓலை நுனியிலிருந்து பிளக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்ட மின்கட்டணத்துக்கு வழியில்லை என்றால், தடித்த சுவர், உள்ளறை, இரட்டைக் கதவு, மூடிய பெட்டி என்று போவதுதான் கெட்டிக்காரத்தனம். வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சிறு டேட்டா லாகரைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, திட்டம் பேச ஆரம்பித்த நாளிலேயே அறைக்கு ஒன்று வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் அதில் பதிவாக வேண்டும். எங்களிடம் அந்தக் கணக்கு இல்லாததால், ஐப்பசியில் எந்த அறைச் சுவர் வியர்க்கும் என்று காவலாளியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அவர் சொன்னது துல்லியமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

இரும்புதான் அடுத்த தலைவலி. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவித்த பிறகு, இந்தப் பக்கத்து அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "இரும்பு எங்கே?" என்பதுதான். மண்ணிலிருந்து வந்த இரும்புக்குள் குளோரைடு உப்பு இருக்கும். காற்றின் ஈரம் பட்டால் உள்ளிருந்தே செதில் செதிலாக வெடிக்கும். மேலே ஆரஞ்சு நிறத்தில் முத்து முத்தாக ஈரம் பூத்தால் அது ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பெட்டிக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். செம்பு, வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் கிளம்பினால் அதுவும் அதே குடும்பத்து நோய்தான், அதற்கு 40-க்குக் கீழே. இருப்பு அறையில் வைக்கும் இரும்புக்கு விலையுயர்ந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். சமையலறைக்கு விற்கும், நான்கு பக்கமும் பூட்டும் பாலிபுரொப்பிலீன் டப்பா, உள்ளே துணிப் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் அட்டை ஒன்று. காட்சிப் பெட்டிக்குக் கன மீட்டருக்கு 20 கிலோ ஜெல் என்பது பழகிய கணக்கு. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 1 அடி உயரமுள்ள பெட்டி என்றால் மூன்றரை கிலோ. அந்த ஜெல் தட்டைப் பெட்டியின் கண்ணாடியைத் திறக்காமல் கீழே தனி அறை வழியாக மாற்ற முடிய வேண்டும். எங்கள் முதல் வரைபடத்தில் அந்தத் தட்டே இல்லை.

ஷோகேஸ்களில்தான் பணம் தண்ணீராகப் போனது. கட்டட வேலையோடு சேர்த்து ஒரே டெண்டரில் விட்டதால், கதவு ஜன்னல் செய்த தச்சரே ஷோகேஸும் செய்தார். நல்ல வேலைக்காரர், கோணல் ஒன்றும் இல்லை. ஆனால் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை, பிளைவுட், பசை, மேலே ஃபெல்ட் துணி. கதவைத் திறந்தால் மூக்கில் ஏறும் நெடி. அந்த நெடி அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி. மூடிய பெட்டிக்குள் அது நின்றுகொண்டு ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும், செம்பைக் கறுக்க வைக்கும். கம்பளித் துணியில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். கண்ணாடி ஒட்டும் சிலிக்கானில் காடி வாசனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது அமில வகை. நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும், விலை வித்தியாசம் சொற்பம். பவுடர் கோட்டிங் செய்த இரும்புச் சட்டமும் லாமினேட்டட் கண்ணாடியும்தான் பாதுகாப்பு. பெட்டி செய்ய எந்தப் பொருளைப் பயன்படுத்தினாலும் அதில் இரண்டு கிராம் எடுத்து, வெள்ளி, செம்பு, ஈயத் தகடு ஒவ்வொரு துண்டோடு மூடிய கண்ணாடிக் குப்பியில், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பது வழக்கம். தகடு மாறினால் அந்தப் பொருள் வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகம் போதும். 28 நாள் பொறுக்க முடியாமல் 14 பெட்டிகளைச் செய்துவிட்டு, அவற்றில் 9-ஐ இப்போது புத்தகமும் மரப்பொம்மையும் வைக்கும் அலமாரியாக மாற்றியிருக்கிறோம். காசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளி வைத்த காசு வெறும் வட்டம்தான். மேசைப் பெட்டி, 30 டிகிரிச் சாய்வு, நகரும் பூதக்கண்ணாடி என்று போடுங்கள். பெட்டியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டேகால் அடியைத் தாண்டினால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது, சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் தெரியாது.

பாடம் செய்த விலங்கு, பறவைகளைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பழைய முறையில் உள்ளே ஆர்சனிக் பூசுவார்கள். ஃபார்மலின் ஜாடிகளைத் தூக்கி மாற்றுவது வண்டியில் ஏற்றி இறக்கும் வேலை அல்ல, மூடி கசியும். காற்றோட்டமுள்ள இடத்தில் தனி நாள் ஒதுக்குங்கள். தீயணைப்புக்குச் சுவரில் மாட்டும் சிவப்புச் சிலிண்டரில் மாவு வகையை உலோகப் பொருள் உள்ள அறையில் வைக்காமல் கார்பன் டை ஆக்சைடு வகையை வையுங்கள். மாவு படிந்தால் ஈரத்தோடு சேர்ந்து அரிக்கும். கறையானுக்குச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு லிட்டர் மருந்து என்பது வழக்கமான அளவு. தரையில் புது டைல்ஸ் ஒட்டும் முன் இதை முடிக்க வேண்டும். ஒட்டிய பிறகு நினைவுக்கு வந்தால் டைல்ஸில்தான் துளை.

விளக்கப் பலகை கடைசி வாரத்து வேலை என்று நினைத்திருந்தோம். 180 பொருள், ஒவ்வொன்றுக்கும் 60 சொல் என்றாலே 10,800 சொல். இதை யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, அவருக்குக் கூலி எந்தத் தலைப்பில் என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி கூட இல்லை. கல்வெட்டு தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வாசகத்தையும் மைப்படியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கல்லில் உள்ளது உள்ளபடி ஒரு பத்தி, இன்றைய தமிழில் ஒரு பத்தி, கல் நின்ற ஊர். இவை மூன்றும் போதும். "கலைநயம் மிக்க" போன்ற சொற்களை வெட்டினாலே பாதி இடம் மிச்சமாகும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, கன்னடக் கல்வெட்டுகளும் உண்டு. அறைத் தலைப்பையாவது அந்த மொழிகளிலும் போடலாம். அச்சில் வந்த தொல்லை தனி. அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் இருந்த பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறின. அச்சகத்து மென்பொருள் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாமல் ஒற்றைக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. திரையில் சரியாக இருந்தது, பலகையில் இல்லை. 23 பலகை குப்பைக்குப் போனது. எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றி, முழு அளவில் ஒன்று அச்சிட்டு, தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்து வாசித்த பிறகுதான் மீதியை அடிக்கச் சொல்ல வேண்டும்.

பணம் வரும் விதம் இதையெல்லாம் இன்னும் சிக்கலாக்கும். ஆவணியில் நிர்வாக ஒப்புதல் வந்தால், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் எல்லாம் முடிந்து வேலை ஆணை கார்த்திகையில்தான் வரும். மார்ச் 31-க்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். தமிழ்நாடு டெண்டர் விதிப்படி 2 கோடிக்கு உட்பட்ட வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், அதைக் குறுக்க நினைக்காதீர்கள். கட்டடமும் மின்சாரமும் ஒரு டெண்டர், காட்சி அமைப்பு தனி டெண்டர், அதுவும் தொழில்நுட்பம், விலை என்று இரண்டு உறையில். விலை ஒன்றையே பார்த்தால் மறுபடி எம்டிஎஃப்தான் ஜெயிக்கும். ஜெல் தட்டு, லாமினேட்டட் கண்ணாடி, நியூட்ரல் சிலிக்கான் ஆகியவை பொதுப்பணித்துறை விலைப் பட்டியலில் இருக்காது. மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி டேட்டா (விலைக் கணக்கீடு) போட்டு முன்பே எஸ்டிமேட்டில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் "கூடுதல் அயிட்டம்" என்று பில்லில் தொங்கும். 2022 ஜூலைக்குப் பிறகு அரசுக் கட்டட ஒப்பந்தங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதமானது. பழைய எஸ்டிமேட்டைத் தூசு தட்டி எடுப்பவர்கள் இந்த 6 சதவீதத்தை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மூன்று நிதியாண்டாகப் பிரித்துக்கொள்வேன். முதல் ஆண்டு பதிவேடு, மைப்படி, கல் பெயர்ப்பு, டேட்டா லாகர். செலவும் குறைவு. இரண்டாம் ஆண்டு கூரை, தரை, கறையான், மின்சாரம். மூன்றாம் ஆண்டுதான் பெட்டியும் பலகையும்.

சாய்தளத்தையும் முதல் வரைபடத்தில் மறந்திருந்தோம். 1-க்கு 12 சரிவு என்றால், இரண்டரை அடி உயரமுள்ள வாசலுக்கு 30 அடி நீளச் சாய்தளம் வேண்டும், நடுவில் திரும்ப ஒரு மேடை. அந்த 30 அடியும் சரியாக நடுகற்கள் நின்ற இடத்தில்தான் விழுந்தது. மாடித் திட்டமே இல்லாவிட்டாலும் கற்கள் எப்படியும் பெயர வேண்டியவை.

கற்களில் ஒன்றுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் யாரோ மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். இந்தப் பக்கம் நடுகல் என்றால் வேடியப்பன்தான். அருங்காட்சியகத்துக்குள் வந்ததால் அவர் சாமி இல்லை என்று ஆகிவிடாது. சுற்றிக் கண்ணாடிக் கூண்டு போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் எதிர்த்தேன். காலடியில் தனியாக ஒரு சின்னக் கல்பலகை வைத்து, பூவும் விளக்கும் அதில் வைக்கலாம், எண்ணெய் மட்டும் கல்மேல் ஊற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அதன்படியே நடக்கிறார்கள்.

சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறினால் 110 முதல் 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் காய வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அதற்கு அடுப்பு எங்கே என்று திறப்பு விழாவுக்குப் பிறகுதான் யோசித்தோம். சில்லறைச் செலவில் சின்ன மின் அடுப்பு ஒன்று வாங்கி இருப்பு அறையில் வைத்திருக்கிறோம். மாதம் முதல் வெள்ளி, விடுமுறை நாளில், எந்தப் பெட்டியில் எத்தனை கிலோ காய்ந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். அடுப்பின் கதவில், பன் சூடாக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.